கணினிக்குள் ஒரு விண்வெளி ஓடத்தைக் கூட்டாகக் கட்டுவது எப்படி?

2011 ஜூலை 21, பொழுது விடியும் முன்பே, ஃபுளோரிடாவின் கென்னடி விண்வெளி மையத்து ஓடுபாதையில் நாசாவின் விண்வெளி ஓடமான அட்லாண்டிஸ் வந்து இறங்கியது. 1981 ஏப்ரல் 12 அன்று கொலம்பியா கிளம்பியதில் தொடங்கிய கணக்கு 135 பயணங்களோடு முடிந்தது. சேலஞ்சர் 1986-இலும் கொலம்பியா 2003-இலும் தலா 7 பேரோடு அழிந்துபோயின. மிஞ்சிய மூன்றும் இப்போது அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. இனி அவை பறக்கப்போவதில்லை.

ஆனால் வீட்டுக் கணினிகளில் அவை இன்றும் பறக்கின்றன. பொம்மை விளையாட்டாக அல்ல. ஏவுவதற்கு முன் தட்டவேண்டிய சுவிட்ச்சுகளை வரிசையாகத் தட்டி, எட்டரை நிமிடம் மேலேறி, எரிபொருள் தொட்டியைக் கழற்றிவிட்டு, சரக்கறைக் கதவுகளைத் திறந்து, நாள் கணக்கில் பூமியைச் சுற்றி, கடைசியில் இன்ஜின் உதவி இல்லாமல் வெறும் இறக்கையை நம்பித் தரையிறங்கும் முழுப் பயணத்தையும் செய்கிறார்கள். இதைச் சாத்தியமாக்கிய மென்பொருளை எழுதியது நாசாவும் அல்ல, பெரிய விளையாட்டு நிறுவனமும் அல்ல. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, இரவில் ஆசையோடு உட்கார்ந்து எழுதிய ஆர்வலர்கள். அவர்களில் பலர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே இல்லை.

அந்தக் கூட்டு வேலை எப்படி நடக்கிறது என்பதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன். உங்களுக்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை.

சிமுலேட்டர் எது, ஆட்-ஆன் எது?

ஆர்பிட்டர் என்றொரு விண்வெளிப் பயண சிமுலேட்டர், அதாவது நிஜப் பயணத்தைக் கணினியில் போலச் செய்துகாட்டும் மென்பொருள், இருக்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பணிபுரிந்த மார்ட்டின் ஷ்வைகர் எழுதியது. 2000-இல் முதல் பதிப்பு வந்தது. அதன்பின் 2006, 2010, 2016 பதிப்புகள் வந்தன. தொடக்கம் முதலே இலவசம். 2021-இல் அதன் மூலநிரலையும், யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்த அனுமதிக்கும் எம்ஐடி உரிமத்தின் கீழ் எல்லோருக்கும் திறந்துவிட்டார். ஒரு பெயர்க் குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன்: நாசாவின் பேச்சு வழக்கில் ஆர்பிட்டர் என்றால் விண்வெளி ஓடத்தின் இறக்கை உள்ள பகுதி. இந்தக் கட்டுரையில் ஆர்பிட்டர் என்பது சிமுலேட்டர் மட்டுமே. ஓடத்தை ஓடம் என்றே சொல்கிறேன்.

ஆர்பிட்டருக்குத் தெரிந்தது இயற்பியல். பூமி எவ்வளவு இழுக்கும், நிலவு எங்கே இருக்கும், இந்த உயரத்தில் காற்று எவ்வளவு அடர்த்தி, இந்த வேகத்தில் போனால் அடுத்த கணம் எங்கே இருப்போம் என்பதையெல்லாம் அது கணக்கிட்டுத் திரையில் வரைந்துவிடும். ஆனால் எந்த விண்கலத்தைப் பற்றியும் அதற்குத் தானாக எதுவும் தெரியாது. அது கேள்வி கேட்கும். உன் எடை என்ன? இன்ஜின்கள் எங்கே, எந்தத் திசையில், எவ்வளவு விசையோடு இருக்கின்றன? மூக்கை இத்தனை பாகை தூக்கினால் இறக்கை எவ்வளவு தாங்கும்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் கோப்புகளின் தொகுப்புதான் ஆட்-ஆன்.

அந்தத் தொகுப்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே சில வகைக் கோப்புகள் இருக்கும். வெளித்தோற்றத்தை முக்கோணங்களால் கட்டிய மெஷ், அதன்மேல் தோல்போல் போர்த்தும் டெக்ஸ்ச்சர் படங்கள், அமைப்பு விவரங்கள் கொண்ட உரைக்கோப்பு, பயணம் எந்த இடத்தில் எந்த நிலையில் தொடங்குகிறது என்று சொல்லும் சினாரியோ கோப்பு. இவற்றையெல்லாம் இயக்குவது சி++ என்ற நிரல் மொழியில் எழுதி, சிமுலேட்டர் ஏற்றிக்கொள்ளக்கூடிய டிஎல்எல் கோப்பாக மாற்றிய நிரல். சிமுலேட்டர் ஒவ்வொரு கணமும் இந்த நிரலைக் கூப்பிட்டு, இப்போது என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கும்.

ஆர்பிட்டரோடு ஒரு எளிய அட்லாண்டிஸ் கூடவே வருகிறது. சாவியை அழுத்தினால் கிளம்பும், கதவு திறக்கும், சக்கரம் இறங்கும். பலருக்கு அது போதும். சிலருக்குப் போதவில்லை. கட்டுப்பாட்டறையில் உள்ள ஒவ்வொரு சுவிட்ச்சும் நிஜத்தில் எதைச் செய்ததோ அதையே செய்ய வேண்டும் என்று கிளம்பியவர்களின் திட்டம்தான் ஸ்பேஸ் ஷட்டில் அல்ட்ரா. மூலநிரலைத் திறந்துவைத்துப் பலர் கைபட வளர்ந்தது. ஃபிளைட்கியர் என்ற இன்னொரு கட்டற்ற சிமுலேட்டரிலும் மிக நுணுக்கமான ஒரு விண்வெளி ஓடம் உண்டு. அங்கே பறக்கும் இயல்பு ஜேஎஸ்பிசிம் என்ற கணக்கீட்டு மென்பொருளுக்கான எக்ஸ்எம்எல் என்ற வகை உரைக்கோப்புகளில் இருக்கிறது. வழிகள் வேறு, சிக்கல்கள் ஒன்றே.

ஏன் ஒருவரால் முடியாது?

ஓடம் ஒரே வாகனம்போலத் தோன்றும். ஆட்-ஆன் எழுத உட்கார்ந்தால் அது மூன்று நான்கு வாகனங்கள் என்று தெரியும்.

ஏவுதளத்தில் அது ஏறத்தாழ 2,000 டன் எடையுள்ள ராக்கெட். இரண்டு திட எரிபொருள் பூஸ்டர்கள் இரண்டு நிமிடம் எரிந்து விழும். மூன்று முக்கிய இன்ஜின்கள் 47 மீட்டர் நீளத் தொட்டியிலிருந்து திரவ ஹைட்ரஜனையும் திரவ ஆக்சிஜனையும் குடித்துத் தீர்க்கும். தொட்டி ஓடத்தின் வயிற்றில் பக்கவாட்டில் தொங்குவதால், எரிபொருள் குறையக் குறைய மொத்த எடையின் மையம் நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த மையத்தை நோக்கி இன்ஜின்களைத் தொடர்ந்து திருப்பிக்கொடுக்க வேண்டும். இதை எழுதத் தெரிந்தவருக்கு ராக்கெட் வழிகாட்டல் கணிதம் தெரிந்திருக்க வேண்டும்.

சுற்றுப்பாதைக்குப் போனதும் அது ஒரு விண்கலம். திசை மாற்றவும் அசையவும் 44 சிறு உந்திகள். 38 பெரியவை, 6 மிகச் சிறியவை. சரக்கறையில் 15 மீட்டர் நீளமுள்ள கனடா நாட்டு இயந்திரக் கை. அந்தக் கையின் ஆறு மூட்டுகளையும் சேர்த்து அசைத்து நுனியை நேர்கோட்டில் கொண்டுபோவது தனிப் பாடம். அதில் தேர்ந்தவருக்கு ராக்கெட் கணிதம் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை.

திரும்பும்போது அது கிளைடர். ஏறத்தாழ 122 கிலோமீட்டர் உயரத்தில், ஒலியைப்போல் 25 மடங்கு வேகத்தில், மூக்கை 40 பாகை தூக்கியபடி காற்றுக்குள் நுழையும். இடமும் வலமுமாகச் சாய்ந்து சாய்ந்து வேகத்தைக் கரைக்கும். பயணிகள் விமானம் 3 பாகைச் சரிவில் மெல்ல இறங்குகிறது. ஓடத்தின் இறங்குசரிவு 20 பாகை அளவு. இதை எழுத விமானக் காற்றியல் தெரிந்தவர் வேண்டும்.

இந்த மூன்றையும் தாங்கி நிற்பது கட்டுப்பாட்டறை. அங்கே காட்டிகளும் சுவிட்ச்சுகளும் சேர்த்து 2,000-க்கு மேல். பின்னால் ஐந்து கணினிகள். நான்கில் ஒரே மென்பொருள் ஓடும். அந்த நான்கும் ஒரே பிழையால் ஒன்றாக விழுந்தால் என்ன செய்வது என்று அஞ்சி, ஐந்தாவதில் வேறொரு குழு தனியாக எழுதிய மென்பொருளை வைத்தார்கள். நிஜ ஓடமே பல குழுக்களின் கூட்டு வேலைதான். அதைக் கணினிக்குள் மறுபடி கட்ட ஒற்றை ஆள் போதாது என்பதில் வியப்பில்லை.

ஊர் கூடித் தேர் இழுப்பது என்று சொல்வோம். அந்தப் படம் இங்கே பொருந்தாது. தேர் இழுக்கும்போது எல்லோரும் ஒரே வடத்தை ஒரே பக்கம் இழுக்கிறார்கள். இது தேரைக் கட்டும் வேலை. சக்கரம் கடைபவர் ஒருவர், அச்சு செய்பவர் இன்னொருவர். இருவரும் வேறு வேறு பட்டறையில் இருக்கலாம். ஆனால் சக்கரத்தின் துளையும் அச்சின் பருமனும் ஒத்துப்போக வேண்டும். கூட்டு வேலையின் உயிர் அந்த இணைப்பிடத்தில்தான் இருக்கிறது. இனி நான் சொல்லப்போவதெல்லாம் அந்த இணைப்பிடங்களைப் பற்றித்தான்.

பொதுவான நடுவர்

எங்கோ இருக்கும் இரண்டு பேருக்குள் கருத்து வேறுபாடு வந்தால் யார் சொல்வது சரி? திறமையில் மூத்தவர் சொல்வதா, அதிகம் எழுதியவர் சொல்வதா? நல்ல ஆட்-ஆன் குழுக்களில் இரண்டும் இல்லை. ஆவணம் சொல்வதுதான் சரி.

விண்வெளி ஓடம் எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. விண்வெளி வீரர்களின் பயிற்சிக்காக நாசா தயாரித்த ஓட இயக்கக் கையேடு பொதுவில் கிடைக்கிறது. எந்தப் பலகையில் எந்த சுவிட்ச், அது எந்த வால்வைத் திறக்கும், எந்த எச்சரிக்கை விளக்கு எப்போது எரியும் என்று ஆயிரம் பக்கத்துக்கு மேல் விரியும் புத்தகம் அது. அதோடு பயணச் சரிபார்ப்புப் பட்டியல்கள், ஒவ்வொரு பயணத்துக்கும் வெளியிட்ட செய்திக் குறிப்புத் தொகுப்புகள், படங்கள். ஒருவர் திருத்தம் கொண்டுவந்தால் கூடவே, இந்த ஆவணத்தின் இந்தப் பக்கம் என்று சொல்வார். பேச்சு அங்கே முடிந்துவிடும்.

ஆவணமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதை மறந்தால் வம்பு. 2000 மே மாதம் எஸ்டிஎஸ்-101 பயணத்தில்தான் அட்லாண்டிஸ் புதிய வண்ணத் திரைகள் கொண்ட கட்டுப்பாட்டறையோடு முதன்முதலாகப் பறந்தது. அதற்கு முன் பச்சை எழுத்துத் திரைகளும் முள் நகரும் கருவிகளும்தான். ஒருவர் பழைய கையேட்டைப் பார்த்து எழுதி, இன்னொருவர் புதியதைப் பார்த்து எழுதினால் இரண்டு பேரும் சரியாகவே செய்திருப்பார்கள், ஆனால் அப்படி ஒரு ஓடம் உலகில் இருந்திருக்காது. எனவே எந்த ஓடம், எந்தக் காலம் என்பதைக் குழு முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இதே ஆர்பிட்டரில் அப்போலோ பயணங்களுக்கான நாஸ்ப் என்ற ஆட்-ஆன் இருக்கிறது. அதில் அப்போலோ கணினியின் அசல் மென்பொருளையே, அந்தப் பழைய கணினியைப்போல் நடந்துகொள்ளும் எமுலேட்டர் என்ற நிரல் வழியாக ஓட்டுகிறார்கள். ஸ்பேஸ் ஷட்டில் அல்ட்ராவில் வழி வேறு. ஓடத்துக் கணினிகள் வெளியில் எப்படி நடந்துகொண்டன என்பதை ஆவணங்களில் படித்து, அந்த நடத்தையைத் தங்கள் நிரலில் புதிதாக எழுதினார்கள். மேலே ஏறும்போது ஒரு நிலை, பூஸ்டர் கழன்றதும் அடுத்த நிலை, காற்றில் நுழையும்போது 304, கடைசி இறங்குதலுக்கு 305 என்று நிஜ ஓடத்தில் எண்களால் அழைத்த நிலைகளை அப்படியே கொண்டுவந்தார்கள். அந்த உழைப்பை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

ஒரு பித்தானைப் பின்தொடர்வோம்

இறங்கு சக்கரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான விமான விளையாட்டுகளில் ஜி சாவியை அழுத்தினால் சக்கரம் இறங்கும், மறுபடி அழுத்தினால் ஏறும். ஓடத்தில் அப்படி இல்லை. தளபதிக்கும் விமானிக்கும் முன்னால் தனித்தனியே மூடி போட்ட இரண்டிரண்டு பித்தான்கள் உண்டு. ஒன்று ஆர்ம், இன்னொன்று டவுன். 2,000 அடி உயரத்தில் ஆர்ம் பித்தானை அழுத்தித் தயார்ப்படுத்துவார்கள். 300 அடியில் டவுன். தரை தொட அரை நிமிடம்கூட இல்லாத நேரம் அது. இறங்கிய சக்கரத்தைப் பறக்கும்போது மறுபடி ஏற்றவே முடியாது. அதற்கான வசதியே உள்ளே கிடையாது. தரையில் பணியாளர்கள்தான் மடக்க வேண்டும்.

இந்த ஒரு பித்தானைக் கணினிக்குள் கொண்டுவர எத்தனை கை வேண்டும் பாருங்கள். பித்தானையும் அதன் மூடியையும், உருவங்களை வடிக்கும் மாடலர் மெஷ்ஷாகக் கட்டுகிறார். டெக்ஸ்ச்சர் செய்பவர் அதன்மேல் எழுத்தை, எரியும்போது ஒரு படம், எரியாதபோது ஒரு படம் என்று தீட்டுகிறார். கட்டுப்பாட்டறை நிரலை எழுதுபவர், மவுஸ் இங்கே அழுத்தினால் மூடி திறக்கும், மறுபடி அழுத்தினால் பித்தான் உள்ளே போகும் என்று எழுதுகிறார். ஹைட்ராலிக் பகுதியை எழுதுபவர் முதலாம் ஹைட்ராலிக் அமைப்பில் அழுத்தம் இருந்தால் கொக்கி விடுபடும் என்று எழுதுகிறார். அழுத்தம் இல்லாவிட்டால்? நிஜ ஓடத்தில் ஒரு விநாடிக்குள் கொக்கி விடுபடாவிட்டால் சிறு வெடிமருந்து வெடித்து அதை விடுவிக்கும். அதையும் எழுத வேண்டும். சக்கரம் வெளியே வந்ததும் காற்றின் தடை கூடும். அது காற்றியல் பார்ப்பவரின் பொறுப்பு.

இந்த ஐந்து பேரும் ஒருவர் நிரலை ஒருவர் தொடாமல் எப்படி வேலை செய்வது? ஸ்பேஸ் ஷட்டில் அல்ட்ராவில் இதற்கு எடுத்த வழி எனக்கு மிகவும் பிடிக்கும். நிஜ ஓடத்தில் சுவிட்ச்சிலிருந்து கருவிக்குக் கம்பி போகிறது அல்லவா, அதேபோல் நிரலுக்குள்ளும் கம்பிக் கட்டுகளை உருவாக்கினார்கள். கட்டுக்கு ஒரு பெயர், உள்ளே இருக்கும் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு எண். பித்தான் எழுதுபவர் அந்தப் பெயருள்ள கட்டில், அந்த எண்ணுள்ள கம்பியில் மின்சாரத்தை ஏற்றுகிறார். அவ்வளவுதான் அவர் வேலை. மறுமுனையில் யார், என்ன செய்கிறார் என்பது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. ஹைட்ராலிக் எழுதுபவர் அந்தக் கம்பியில் மின்சாரம் வருகிறதா என்று மட்டும் பார்க்கிறார். கட்டின் பெயரும் கம்பியின் எண்ணும் ஒத்துப்போனால் போதும். சக்கரத்துத் துளையும் அச்சும் என்று சொன்னேனே, இதுதான் அது.

இந்த ஏற்பாட்டால் இன்னொரு நன்மை. ஹைட்ராலிக் பகுதி இன்னும் எழுதப்படவில்லை என்றாலும் பித்தான் வேலை நிற்காது. கம்பியின் மறுமுனையில் தற்காலிகமாக ஒரு எளிய நிரலை மாட்டி வைக்கலாம். பிறகு முழுமையானது வந்ததும் கழற்றி மாற்றலாம். ஆண்டுக்கணக்கில் நடக்கும் தன்னார்வ வேலைக்கு இது மிக முக்கியம். நடுவில் ஒருவருக்குத் திருமணம் ஆகும், ஒருவருக்குப் புது வேலை கிடைக்கும், ஒருவர் ஆறு மாதம் காணாமல் போவார். அவர் விட்ட இடம் மற்றவர்களை முடக்கிவிடக் கூடாது.

அங்குலமா மீட்டரா, முன்னா பின்னா?

அடுத்த இணைப்பிடம் அளவு. நாசா வரைபடங்களில் ஓடத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் அங்குலத்தில் ஒரு முகவரி உண்டு. மூக்கிலிருந்து வாலை நோக்கிப் போகப் போக எக்ஸ் எண் கூடும். சரக்கறை எக்ஸ் 582-இல் தொடங்கி 1302-இல் முடியும். கழித்தால் 720 அங்குலம், அதாவது 60 அடி. சிமுலேட்டரிலோ அளவு மீட்டரில். திசையும் வேறு: முன்பக்கம் இசட், வலது எக்ஸ், மேல் ஒய். அதோடு, ஆர்பிட்டரில் கலத்தின் எடை மையம்தான் பூஜ்யப் புள்ளி.

ஆகவே வரைபடத்தில் இருந்து ஒரு புள்ளியை எடுத்தால் 0.0254-ஆல் பெருக்க வேண்டும், முன்பின்னைத் திருப்ப வேண்டும், பூஜ்யத்தை நகர்த்த வேண்டும். 720 அங்குலம் 18.29 மீட்டர் ஆகும். கணக்கு எளிது. ஆனால் ஒருவர் பூஜ்யத்தை ஓர் இடத்தில் வைத்து, இன்னொருவர் வேறோர் இடத்தில் வைத்தால், இயந்திரக் கை சரக்கறைத் தரைக்குள் புதைந்து நிற்கும். அதனால் மாற்றும் சூத்திரத்தை ஒரே இடத்தில் எழுதி, எல்லோரும் அதையே கூப்பிட வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம்.

இது எனக்கு அனுபவத்தில் புரிந்தது. சரக்கறையில் வைக்க ஒரு சிறு செயற்கைக்கோளை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் நானே வடித்தேன். பக்கத்தில் தமிழில் ஒரு பெயரும் எழுதியிருந்தேன். சிமுலேட்டரில் ஏற்றிப் பார்த்தால் பெயர் கண்ணாடியில் பார்ப்பதுபோல் தலைகீழ் வரிசையில் தெரிந்தது. பிளெண்டர் வலக்கை ஒழுங்கில் திசைகளை வைக்கிறது, ஆர்பிட்டர் இடக்கை ஒழுங்கில் வைக்கிறது என்ற செய்தி அன்றுதான் தெரிந்தது. எழுத்து இருந்ததால் கண்ணில் பட்டது. எழுத்தில்லாத பகுதியாக இருந்தால், இடமும் வலமும் மாறியிருப்பது தெரியாமலே போயிருக்கும்.

எல்லோரும் ஒரே கோப்பைத் தொட்டால்

பல பேர் எழுதும் நிரலைச் சேர்த்து வைக்க வெர்ஷன் கண்ட்ரோல் என்ற ஏற்பாடு உண்டு. எஸ்விஎன், கிட் இரண்டும் அந்த வகைக் கருவிகள். யார், எந்த நாள், எந்த வரியை, என்ன காரணத்துக்காக மாற்றினார் என்பதை அது ஒன்றுவிடாமல் நினைவில் வைத்திருக்கும். நேற்றுவரை நேராகப் பறந்த ஓடம் இன்று உருண்டால், மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பார்த்துப் பிழை நுழைந்த இடத்தைப் பிடிக்கலாம். இரண்டு பேர் ஒரே நிரல் கோப்பில் வேறு வேறு இடங்களை மாற்றினால் அதுவே இரண்டையும் சேர்த்துவிடும்.

மெஷ் கோப்பில் இந்த வசதி பலிக்காது. ஆர்பிட்டரின் மெஷ் உரைக்கோப்புதான். திறந்தால் ஆயிரக்கணக்கான வரிகளில் எண்கள் கொட்டிக் கிடக்கும். ஒரு மூலையை லேசாக நகர்த்திவிட்டுச் சேமித்தால்கூட வரிகளின் வரிசை முழுவதும் மாறிவிடக்கூடும். இரண்டு பேரின் மாற்றங்களை எந்தக் கருவியாலும் சேர்க்க முடியாது. எனவே மெஷ்ஷுக்கு ஒருவர் கை மட்டும். நான் எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு எடுப்பார், முடிந்ததும் விட்டேன் என்று சொல்வார். எஸ்விஎன்னில் இதற்கென்றே கோப்பைப் பூட்டும் வசதி உண்டு.

இன்னொரு வில்லங்கமும் மெஷ்ஷில்தான் ஒளிந்திருக்கிறது. மெஷ்ஷின் பகுதிகளை ஆர்பிட்டர் எண்ணால் அறியும். 0, 1, 2 என்று வரிசை எண். நிரல் எழுதுபவர், 57-ஆம் பகுதியைத் திருப்பு என்று எழுதியிருப்பார், 57 சுக்கான் என்பதால். மாடலர் ஒரு நாள் நடுவில் புதிதாக ஒரு கைப்பிடியைச் சேர்ப்பார். சுக்கான் 58 ஆகிவிடும். இப்போது காலால் மிதித்தால் திரும்புவது சுக்கான் அல்ல, வேறேதோ ஒன்று. இருவர் வேலையும் தனித்தனியே சரி, சேர்த்தால் தவறு. இதற்குத் தீர்வு, எண்ணை யாரும் கையால் எழுதக் கூடாது என்பதே. ஆர்பிட்டரோடு வரும் மெஷ்சி என்ற சிறு கருவி மெஷ்ஷைப் படித்து, பகுதிப் பெயர்களுக்கு நேராக எண்களைத் தானே எழுதித் தரும். நிரலில் பெயரை மட்டும் பயன்படுத்தினால் எண் மாறினாலும் கவலையில்லை.

பழைய லேப்டாப்காரர் ஏன் வேண்டும்?

நிஜ ஓடத்தின் பறத்தல் கட்டுப்பாடு விநாடிக்கு 25 முறை கணக்குப் போட்டது, 40 மில்லிவிநாடிக்கு ஒருமுறை, தவறாமல். வீட்டுக் கணினியில் அந்த ஒழுங்கு கிடையாது. திரையில் ஒரு படம் வரையும்தோறும் சிமுலேட்டர் ஒரு அடி முன்னே வைக்கும். நல்ல கணினியில் விநாடிக்கு 60 படம், அதாவது 17 மில்லிவிநாடி இடைவெளி. பழைய லேப்டாப்பில் விநாடிக்கு 15 படம்தான் வருகிறது என்றால் இடைவெளி 67 மில்லிவிநாடி.

மூக்கு கொஞ்சம் இறங்கிவிட்டது என்று தானியங்கி கட்டுப்பாடு உணர்ந்து தூக்குகிறது என்று வையுங்கள். அடுத்த முறை பார்ப்பதற்குள் நேரம் கடந்துவிட்டால் தேவைக்கு மேல் தூக்கியிருக்கும். உடனே இறக்கும். அதுவும் மிஞ்சிப்போகும். ஓடம் ஊஞ்சலாடத் தொடங்கும், ஆட்டம் வளர்ந்து கடைசியில் கவிழும். எழுதியவரின் நல்ல கணினியில் இந்தப் பிழை ஒருபோதும் வராது. பழைய லேப்டாப் வைத்திருப்பவர் ஓட்டிப் பார்த்துச் சொன்னால்தான் தெரியும். கட்டுப்பாட்டுக் கணக்கைப் படம் வரையும் வேகத்திலிருந்து பிரித்து, நிஜ ஓடத்தைப்போலவே தனக்கென்று ஒரு சீரான இடைவெளியில் ஓடவிடுவது நல்ல மருந்து.

சோதித்துச் சொல்வதும் ஒரு கலை. ஓடம் விழுந்துவிட்டது என்று மட்டும் சொன்னால் யாருக்கும் பயனில்லை. எந்தப் பதிப்பு, எந்த சினாரியோ, எத்தனையாவது நிமிடம், என்ன அழுத்தினீர்கள், விநாடிக்கு எத்தனை படம் வந்தது என்று எழுதி, விழுவதற்குச் சற்று முன் சேமித்த சினாரியோவையும் இணைத்து அனுப்பினால், எழுதியவர் தன் கணினியில் அதே கணத்தைத் திறந்து பார்க்க முடியும்.

உரிமம் பற்றி இரண்டு வார்த்தை. இலவசமாகத் தருவதால் எதையும் எடுத்து ஒட்டலாம் என்று பொருளல்ல. நாசாவின் புகைப்படங்களுக்குப் பொதுவாகப் பதிப்புரிமைத் தடை இல்லை. ஆனால் வேறொருவர் வடித்த மெஷ்ஷுக்கும் தீட்டிய டெக்ஸ்ச்சருக்கும் அவர் அனுமதி வேண்டும். கேட்காமல் எடுத்த ஒரே ஒரு கோப்புக்காக முழு வெளியீட்டையும் திரும்பப் பெற வேண்டிய நிலை வரலாம்.

எங்கிருந்து தொடங்குவது?

நிரல் தெரியாதவர்கள் தயங்கி ஒதுங்குகிறார்கள். தயங்கவே வேண்டாம். ஆர்பிட்டரை இறக்கி நிறுவுங்கள். கூடவே வரும் எளிய அட்லாண்டிஸை ஒரு வாரம் ஓட்டுங்கள். பிறகு சினாரியோ கோப்பு ஒன்றை நோட்பேடில் திறந்து பாருங்கள். சாதாரண உரைதான். நாளும் நேரமும் இருக்கும் வரியை மாற்றிச் சேமித்துத் திறந்தால், பகலில் கிளம்ப வேண்டிய ஓடம் இரவில் ஏவுதளத்தில் நிற்கும். அது உங்கள் கையால் செய்த முதல் மாற்றம்.

அடுத்து விரிவான ஓடம் ஒன்றை நிறுவி, நாசாவின் இயக்கக் கையேட்டைப் பக்கத்தில் திறந்துகொள்ளுங்கள். கட்டுப்பாட்டறையின் ஒரே ஒரு பலகையைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு சுவிட்ச்சின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா, மேலே தள்ளினால் என்ன, நடுவில் விட்டால் என்ன என்று கையேட்டோடு வைத்துச் சரிபாருங்கள். 2,000-க்கு மேல் இருக்கும் இடத்தில் ஏதாவது ஒன்று தப்பியிருக்க வாய்ப்புண்டு. கிடைத்தால் பலகையின் பெயர், சுவிட்ச்சின் பெயர், கையேட்டின் பக்க எண், திரையின் படம் ஆகிய நான்கையும் சேர்த்துக் குழுவுக்கு அனுப்புங்கள். அடுத்த பதிப்பை இறக்கியதும், அந்தப் பலகைக்குப் போய் அந்த சுவிட்ச்சைத் தட்டிப் பாருங்கள்.